'கல்ட்' என்று அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சனிக்கிழமைதோறும் கூடும் சிறு குழுவைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வந்தது. தலைப்பில் 'மர்ம கல்ட்' (ஆபத்தான மதக் கூட்டம் என்ற வசவு) என்று கொட்டை எழுத்து. செய்தியைக் கடைசி வரிவரை படித்தோம். யாரையும் அடைத்து வைத்ததாக இல்லை, யாரும் பணம் இழந்ததாகப் புகார் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறார்கள், சனிக்கிழமை வேலைக்குப் போவதில்லை, ஒரு பெண் கழுத்துச் செயினைக் கழற்றிவிட்டாள் என்ற மூன்றும்தான் இருந்தன.

சனிக்கிழமை ஓய்வு யூதர்களுக்கும் உண்டு, ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையாருக்கும் உண்டு. நகை போடாத பெந்தெகொஸ்தே குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் தலைமுறைகளாக வாழ்கின்றன. கதவைச் சாத்துவது, பாட்டுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வராமல் இருக்க. இந்த மூன்றையும் சேர்த்து 'மர்மம்' ஆக்கியது செய்தியா, தலைப்பா என்று தங்கள் செய்திப் பிரிவு ஒருமுறை யோசிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறோம். நாங்கள் மார்த்தாண்டம், குழித்துறைப் பகுதியில் வரலாறும் சமய ஒப்பீடும் கற்பிப்பவர்கள்.

தெரியாத மதத்தைக் கண்டால் மனிதர்கள் பயந்து 'கல்ட்' என்று சொல்கிறார்கள் என்பது பாதி உண்மை. தெரியாத எல்லாவற்றையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜொராஸ்திரியரை (பார்சிகளின் மதத்தாரை)ப் பற்றி நம் ஊரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. அவர்களை யாரும் ஏசுவதும் இல்லை. சொல்லுகிறவருடைய வீட்டு ஒழுங்கோ ஊர் ஒழுங்கோ எங்கே கலைகிறதோ, அங்கேதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், அய்யா வைகுண்டரைப் போற்றும் அய்யாவழிச் சமயத்தாரின் தலைமை இடமான சாமித்தோப்பு இருக்கிறது.

1809இல் அன்றைய சாஸ்தான்கோவில்விளையில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்ததாகவும், அந்தச் சாதிக்கு முடியும் ஆகாது பெருமாளும் ஆகாது என்று மேல்சாதியார் எதிர்த்ததால் 'முத்துக்குட்டி' ஆனதாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தார் என்பது அய்யாவழியாரின் நம்பிக்கை. அடுத்த சில ஆண்டுகளில் அவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. எழுநூறு குடும்பங்கள் ஊரை விட்டுக் கடற்கரைக்குப் போய்த் 'துவையல் பந்தி' என்னும் தவத்தில் இருந்தார்கள் என்பது மரபு. நாளுக்கு மூன்று வேளை குளித்துத் துணி துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஒரே வேளை உண்பது, மற்ற நேரம் வழிபாடு.

இதை இன்றைய கண்ணால் பாருங்கள். தன்னை நாராயணரின் மைந்தன் என்று சொல்லும் ஒருவர். குடும்பம் குடும்பமாக வீட்டை விட்டுப் போகும் மக்கள். ஒரு வேளைச் சோறு. ராஜாவைக் 'கலிநீசன்' (கலியின் இழிந்தவன்) என்று திட்டும் பாட்டு. இந்த நான்கும் கையில் கிடைத்தால் எந்த நிருபரும் 'கல்ட்' என்று எழுதிவிடுவார். 1830களில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. திருவிதாங்கூர் அரசுக்கு அது கலகமாகத் தெரிந்தது; சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். லண்டன் மிஷனரிகளுக்கு, தங்கள் பக்கம் வரவேண்டிய மக்களை இழுத்துப் போகும் இடையூறாகத் தெரிந்தது. 1840களின் மிஷன் அறிக்கைகளில் முத்துக்குட்டி பெயர் அப்படித்தான் வருகிறது. மேல்சாதியாருக்கு அது வெறும் திமிர். ஒரே மனிதர், ஒரே கூட்டம். பார்த்தவர்கள் மூன்று விதமாகத் திட்டினார்கள். ஒவ்வொரு வசவும் திட்டியவருக்கு எது பறிபோனது என்பதைத்தான் சொல்கிறது.

சாமித்தோப்புத் தலைமைப்பதிக்கோ (தலைமைக் கோவிலுக்கோ) கிராமத்துச் சிறு வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்கோ முதன்முறை போகிறவர் எங்கே தடுமாறுவார் என்பதையும் சொல்லவேண்டும். கருவறை போன்ற பள்ளியறையில் விக்கிரகம் கிடையாது. விளக்கும் கண்ணாடியும் இருக்கும். கும்பிட நின்றால் எதிரே தன் முகமே தெரியும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டித்தான் உள்ளே வரவேண்டும். நெற்றியில் புருவ மத்தியிலிருந்து மேல்நோக்கிச் சுடர் வடிவில் வெள்ளை நாமம். உச்சிப்படிப்பு என்னும் நண்பகல் வழிபாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே குரலில் 'அய்யா சிவசிவ' என்று சொல்வது வெளியே சாலைவரை கேட்கும். வேறு கோவில் பழக்கத்தில் வந்தவருக்கு எல்லாம் தலைகீழ். நாம் சாமி முன்னால் தலையில் கட்டியிருப்பதை அவிழ்ப்போம், இவர்கள் கட்டுகிறார்கள். நாம் சாமியைப் பார்க்கப் போவோம், இங்கே தெரிவது நம் முகம். 'என்னமோ மறைக்கிறார்கள்' என்று தோன்றுவது இந்த இடத்தில்தான்.

காரணம் தெரிந்தவருக்கு அங்கே மறைவு ஒன்றும் இல்லை. அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண் மார்பை மறைக்கக்கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தலைவரி இருந்தது, கூலியில்லா ஊழியம் இருந்தது. பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் 1822இல் தொடங்கி 1859 அரச அறிவிப்புவரை இழுத்தது. அந்த ஊரில் ஒருவனைக் கூப்பிட்டு, தெய்வத்தின் முன்னாலேயே தலைப்பாகை கட்டு, உனக்குள்ளே தெய்வத்தைப் பார், எல்லோரும் ஒரே முத்திரிக்கிணற்றில் தண்ணீர் இறையுங்கள் என்று சொன்னதைத்தான் அந்தக் கண்ணாடியும் துண்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1841இல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்கிறது. பணம் பறிக்கும் கூட்டம் என்ற சந்தேகத்தோடு வருபவர் முதலில் படிக்கவேண்டிய இடம் அது.

இன்று, வைகுண்டர் வந்த நாளாகக் கொண்டாடும் மாசி 20க்குக் குமரி மாவட்டத்தில் அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. யாரும் 'கூட்டம்' என்று சொல்வதில்லை. வழிபாட்டு முறை பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. பார்ப்பவர்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இதே மண்ணில் நட்டாலத்து நாயர் குடும்பத்திலிருந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளை, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டவரின் படம் இன்று கத்தோலிக்க வீடுகளில் மாட்டியிருக்கிறது.

இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ சபையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் காதரின் பூத் ஆஸ்பத்திரி என்றால் தெரியாதவர் கிடையாது. 1890களில் சிறு மருந்தகமாகத் தொடங்கியது. அந்தச் சேனை 1880களில் இங்கிலாந்தின் தெருக்களில் கல்லடி பட்டது பலருக்குத் தெரியாது. 'எலும்புக்கூட்டுப் படை' என்ற பெயரில் திரண்ட கும்பல்கள் அவர்களுடைய ஊர்வலத்தில் அழுகிய முட்டையும் செத்த எலியும் வீசின. பல ஊர்களில் அந்தக் கும்பலுக்குப் பின்னால் நின்றவர்கள் சாராயக் கடைக்காரர்கள், ஏனென்றால் சேனை குடியை நிறுத்தச் சொன்னது. 1882இல் பம்பாயில் வந்திறங்கிய பிரெடரிக் டக்கர் இந்திய சிவில் சர்வீஸ் வேலையை உதறியவர். காவி உடுத்து, பக்கீர் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவர் மதம் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைக்காரன் வெறுங்காலில் பிச்சைப் பாத்திரத்தோடு போவதைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை. ஊர்வலம் போனதற்காகக் கைது செய்தார்கள். வியாபாரம் கெட்ட ஊரில் ஒரு காரணம், கௌரவம் கெட்ட ஊரில் இன்னொரு காரணம்.

திசை மாறினாலும் இதே கதைதான். குடுமி, துளசிமாலை, காவி, கையில் தாளத்தோடு நாலு பேர் மதுரை வீதியில் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். 1966இல் நியூயார்க்கில் ஹரே கிருஷ்ண இயக்கம் தொடங்கியபின், அங்குள்ள பெற்றோர்கள், இயக்கத்தார் தங்கள் பிள்ளைகளை 'மூளைச்சலவை' செய்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள், ஆள்வைத்துக் கடத்தியும் போனார்கள். 1977இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளி, இது இந்தியாவில் வேரூன்றிய மதம் என்றது. நமக்குப் பாட்டன் காலத்துப் பக்தி, அவர்களுக்கு மர்மக் கூட்டம்.

சொல்லைப் பற்றியும் சிறிது. லத்தீனில் 'கல்டுஸ்' என்றால் பேணுதல், வழிபடுதல். உழவைக் குறிக்கும் சொல்லும் பண்பாட்டைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்தவை. நம்முடைய 'பண்படுத்துதல்' போல. கத்தோலிக்க இறையியலில் புனிதர் வணக்கத்துக்கு இன்றும் அந்தச் சொல்தான். சமூகவியலார் கணக்கில், தாய்ச்சபையிலிருந்து உடைந்து வந்தது ஒரு வகை ('செக்ட்'). புதிதாகத் தோன்றியதோ வெளியிலிருந்து வந்ததோ இன்னொரு வகை ('கல்ட்'). இரண்டிலும் பழிப்பு இல்லை. தமிழிலும் இப்படி வரிசைப்படுத்தும் வேலை பழையது. சைவ சித்தாந்திகள் சமயங்களை, தங்கள் கொள்கைக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நாலாகப் பிரித்தார்கள். மறுத்தார்கள், ஆனால் மறுக்கிற கொள்கை என்ன சொல்கிறது என்று முதலில் எடுத்தெழுதிவிட்டு மறுத்தார்கள். அந்த ஒழுங்கு இன்றைய 'துர் உபதேசம்', 'கள்ள உபதேசம்' என்ற பிரசங்க மேடைச் சொற்களிலும் இல்லை, பத்திரிகைத் தலைப்பிலும் இல்லை.

'கல்ட்' என்ற சொல்லுக்குக் கொலை வாசனை ஏறியது 1978 நவம்பர் 18இல். தென் அமெரிக்காவின் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற பாஸ்டரின் கூட்டத்தில் ஒரே நாளில் 918 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் நஞ்சு கலந்த பானத்தில். முந்நூறுக்கு மேல் குழந்தைகள். இதைக் காட்டித்தான் 'அப்போதே ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்' என்பார்கள். சரி, ஜாக்கிரதை எதில்? ஜோன்ஸ் அந்நியமான ஆளே அல்ல. அமெரிக்காவின் பெரிய பழைய சபை ஒன்றில் முறைப்படி அபிஷேகம் பெற்ற போதகர். சான் பிரான்சிஸ்கோ வீட்டுவசதி ஆணையத்தின் தலைவராக இருந்தார். அரசியல்வாதிகள் மேடை ஏறிப் பாராட்டினார்கள். அவருடைய ஆராதனையில் பாடியது ஊரெல்லாம் தெரிந்த பாட்டு. வினோதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அவர் படவே மாட்டார். படவேண்டியது வேறு: பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள், முதியோர் ஓய்வூதியக் காசோலைகள் கூட்டத்தின் கணக்குக்குப் போயின, கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள், காட்டின் நடுவில் துப்பாக்கிக் காவல், நஞ்சு குடிக்க ஒத்திகை. இத்தனையும் செயல்கள். கொள்கையை ஒரு வரிகூடப் படிக்காமல் கண்டுபிடிக்கக்கூடியவை.

ஜப்பானில் ஓம் சின்ரிக்கியோ என்ற குழு 1989இலேயே சட்டப்படி மத நிறுவனமாகப் பதிவு பெற்றது. அதே ஆண்டில் அவர்களுக்கு எதிராக வழக்காடிய ஒரு வழக்கறிஞரும் மனைவியும் கைக்குழந்தையும் காணாமல் போனார்கள். விசாரணை முடங்கியது. 1995 மார்ச் 20இல் டோக்கியோ சுரங்க ரயிலில் அந்தக் குழு சாரின் என்ற நச்சு வாயுவை விட்டது. அதன்பிறகுதான் அந்த மூன்று உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன. அங்கே குறைந்துபோனது 'கல்ட்' என்ற பட்டம் அல்ல. ஒரு குடும்பம் காணாமல் போன வழக்கைச் சரியாகத் துப்புத் துலக்கும் போலீஸ்.

'மூளைச்சலவை' என்ற சொல்லையும் தங்கள் நிருபர் போட்டிருந்தார். 1950இல், கொரியப் போர்க் காலத்தில், ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனச் சொல் ஒன்றை மொழிபெயர்த்துப் புழக்கத்தில் விட்டது அது. கட்டாயத்தின் பிடியில் இருந்தவர்களைப் பற்றியது, தானாக நடந்து வந்து உட்காருபவர்களைப் பற்றியது அல்ல. லண்டன் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் 1979இல், கொரியாவில் தோன்றிய ஒருமைப்பாட்டுச் சபை (யூனிஃபிகேஷன் சர்ச்) நடத்திய இரண்டு நாள் முகாம்களுக்குப் போன ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். ஒரு வாரத்துக்கு மேல் முழுநேரமாகச் சேர்ந்து நின்றவர்கள் பத்தில் ஒருவர். இரண்டு ஆண்டு கழித்து மிஞ்சியவர்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தவிர்க்கவே முடியாத மயக்குமருந்து என்றால் இப்படிக் கொட்டிப்போகாது. சேர்பவர்களில் பெரும்பாலோர் தாமாகவே வெளியே வந்துவிடுகிறார்கள். வரும்போது திறந்த கதவு ஒன்று வீட்டுப் பக்கம் இருக்கவேண்டும்.

அந்தக் கதவைச் சாத்துவது பெரும்பாலும் நாம்தான். நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெண் முதலில் அம்மன் கொடை விழாச் சோற்றைத் தொடமாட்டாள். பிறகு கம்மலைக் கழற்றுவாள். பெரியப்பாவின் அடியந்திரத்துக்கு (இறந்தவருக்கான சடங்குக்கு) வந்து ஓரமாக நிற்பாள், சடங்கில் சேரமாட்டாள். வீடு தனியாக இருந்தால் கொடைவரி கேட்டு வரும்போது தகராறு. அதற்குள் சித்தி சொல்லியிருப்பாள்: "அவ ஏதோ கூட்டத்துல கேறிட்டா." சேர்ந்த கூட்டத்தின் பெயர் என்ன, எத்தனை பேர், யார் நடத்துகிறார்கள் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'கூட்டம்' என்ற சொல்லே போதும். வரி, சோறு, பொன், சாவு, கல்யாணம் என்ற ஐந்து முடிச்சால் கட்டியதுதான் ஊர். அவள் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் இந்த ஐந்தில் கை வைக்காதவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சாவில் இது உச்சத்துக்குப் போகும். சபை மாறியவரை பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்க விடமாட்டார்கள். மூன்று சென்ட் வீட்டில் புதைக்க இடம் இருக்காது. உடல் திண்ணையில் காத்திருக்கும்.

இதற்குக் குடும்பங்கள் செய்யும் வைத்தியம் இன்னும் மோசம். போனைப் பிடுங்குவார்கள். அறையில் பூட்டுவார்கள். மந்திரவாதியிடம் கொண்டுபோவார்கள். அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்தக் குழு 'உலகம் உங்களைப் பகைக்கும், சொந்த வீட்டாரே சத்துருக்கள் ஆவார்கள்' என்று முன்பே சொல்லியிருக்கும். குடும்பம் அதை வரிக்கு வரி நிறைவேற்றிக் காட்டும். கடைசி நூலும் அறுந்தபின் அவளுக்குப் போக்கிடம் அந்தக் குழு ஒன்றுதான். மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஊரில் நிலவும் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகாததை மனநோய்க்கு அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. வயது வந்த பெண் தன் நம்பிக்கையையும் வாழ்க்கைத் துணையையும் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று, வைக்கத்துப் பெண் ஒருத்தி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவிருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்த இரண்டைத் தங்கள் வாசகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1985இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடமட்டும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நமக்கு வினோதமாகத் தோன்றுகிறதா என்பது கேள்வியே அல்ல. அது உண்மையாக, மனப்பூர்வமாகக் கொண்ட நம்பிக்கையா என்பதுதான் கேள்வி என்றது அந்தத் தீர்ப்பு. 2023 அக்டோபர் 29இல் அதே சாட்சிகள் களமசேரியில் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. சரணடைந்தவர், தான் முன்பு அந்தச் சபையில் இருந்ததாகவும் அதன் போதனை தேசத்துக்கு எதிரானது என்றும் வீடியோவில் சொன்னார். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் வேறொரு மதத்தாரைக் குற்றவாளியாக்கி எத்தனை வதந்திகள் பரவின என்பதும் மறக்கக்கூடியது அல்ல. 'தேச விரோதக் கூட்டம்' என்ற பட்டம் வெறும் வாய்ச்சொல்லாக நின்றுவிடுவதில்லை.

அப்படியானால் எதையும் கேட்கக்கூடாதா? கேட்கவேண்டும், கறாராகக் கேட்கவேண்டும். நாங்கள் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. கேள்வி செயலைப் பற்றியதாக இருக்கட்டும். பழைய பெரிய சபை, மடம், பள்ளிவாசல், கோவில் எல்லாவற்றுக்கும் அதே அளவுகோலாக இருக்கட்டும்.

முதல் கேள்வி வெளியே வரும் வழி. சேர்ந்தவர் விலகினால் என்ன ஆகிறது? விலகிய மூன்று பேரையாவது தேடிப் பேசுங்கள், ஒருவர் போதாது. மனக்கசப்போடு போனவர் சொல்வதும், சும்மா ஆர்வம் குறைந்து போனவர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. விலகியவரிடம் பேசாதே என்று தடை உண்டா? உண்டு என்றால் எழுதுங்கள். அப்படி எழுதும்போது, சாதி மாறிக் கல்யாணம் செய்தவரை ஊர்விலக்கு வைப்பதும் இதே செயல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பணம். தசமபாகம், பத்தில் ஒன்று, பல சபைகளில் சாதாரணம். அது குற்றம் அல்ல. முழுச் சம்பளமும் ஒரே ஆளின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, வீட்டையோ நிலத்தையோ தானசெட்டில்மென்ட் எழுதி வாங்கியிருக்கிறார்களா என்பதே பார்க்கவேண்டியது. சர்வே எண் தெரிந்தால் சார்பதிவகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். எந்தத் தேதியில் யார் பேருக்கு மாறியது என்பது அதில் இருக்கும். எழுதிக்கொடுத்தவர் 60 வயதைக் கடந்தவராக இருந்து, 'கடைசிவரை பராமரிப்போம்' என்ற நிபந்தனையோடு எழுதி, அதை மீறியிருந்தால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் ரத்து கேட்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை வரி இல்லாததால்தான் பல மனுக்கள் அடிபட்டுப் போகின்றன. குழு சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால், தமிழ்நாட்டுப் பக்கம் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் நிர்வாகிகள் பட்டியல் தாக்கலாகியிருக்கவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை என்றால் 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். நம் எல்லையில் தவறுவது இங்கேதான்: கூட்டம் இந்தப் பக்கம், பதிவு அந்தப் பக்கம், நிருபர் ஒரு பக்கம் மட்டும் விசாரித்துவிட்டுப் 'பதிவே இல்லை' என்று எழுதிவிடுகிறார். பதிவு இருப்பது நல்லதுக்குச் சாட்சியும் அல்ல; ஓம் சின்ரிக்கியோவும் பதிவு பெற்றதுதான்.

மருந்து விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம். மருந்தே எடுக்காத விசுவாசிகள் நம் பகுதியில் உண்டு. பெரியவர் தன் உடம்புக்கு முடிவெடுக்கலாம். குழந்தைக்கு அந்த முடிவை எடுக்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு வைத்தியம் மறுக்கிறார்கள் என்றால் 1098க்குப் போன் செய்யவேண்டும். குழந்தை நலக் குழு உடனே தலையிடலாம். புற்றுநோயும் சர்க்கரை நோயும் தீரும் என்று நோட்டீஸ் அடித்தால் 1954ஆம் ஆண்டு மந்திர மருந்துச் சட்டம் இருக்கிறது. அது நேற்று முளைத்த குழுவுக்கும் நூறு ஆண்டு பழைய சந்நிதிக்கும் ஒன்றுதான்.

ஆதார், சான்றிதழ்கள், ஏ.டி.எம். கார்டு சேர்ந்தவர் கையிலேயே இருக்கின்றனவா? வீட்டாரோடு தனியாக, பக்கத்தில் ஆள் இல்லாமல் போனில் பேச முடிகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமுண்டு. குமரிக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பாறசாலைக்கு எர்ணாகுளம். நீதிபதி அவரைத் தனியே அழைத்து விருப்பத்தைக் கேட்பார். அடைத்து வைப்பதோ அடிப்பதோ நடந்தால் எல்லை பார்த்துத் திருப்பி அனுப்ப எந்தக் காவல் நிலையத்துக்கும் உரிமை இல்லை, ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றவேண்டியது அவர்கள் வேலை.

குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு போன், குறித்த நாளில், உபதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை தர்க்கம் இல்லாமல். "சாப்பிட்டியா மக்ளே, தூங்கினியா, அடியந்திரத்துக்கு ஒரு மணிக்கூறு வந்துட்டுப் போ, சடங்குல நிக்காண்டாம்" என்ற அளவு போதும். தர்க்கத்தில் ஜெயித்துப் பிள்ளையை மீட்ட வீடு அரிது.

தங்கள் நாளிதழிடம் கேட்பது இது. குழுவை அது தனக்கு வைத்துக்கொண்ட பெயரால் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை ஆண்டாக, எந்தச் சபையிலிருந்து பிரிந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'புதிய சமயக் குழு' போதும். 'மர்ம' என்ற ஒட்டுச்சொல், விசாரிக்க நேரம் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. குற்றம் இருந்தால் குற்றத்தின் பெயரை எழுதுங்கள்: பூட்டி வைத்தல், மோசடி, குழந்தைக்கு வைத்தியம் மறுப்பு. அது 'கல்ட்' என்பதைவிடக் கடுமையான சொல். அந்தச் சனிக்கிழமைக் குழுவின் தரப்பையும், செயின் கழற்றிய பெண்ணின் சொல்லையும் அவர் சம்மதித்தால், தலைப்பு வந்த அதே பக்கத்தில் அச்சிடவேண்டும்.

வரும் மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் புறப்படும். தங்கள் நிருபரை அனுப்புங்கள். ஒரு துண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். தலையில் கட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் கட்டிவிடுவார். உச்சிப்படிப்பு முடியும்வரை உள்ளே நிற்கட்டும்.

இப்படிக்கு,
வரலாறு, சமய ஒப்பீட்டு ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம், குமரி மாவட்டம்.